கொடிக்கம்பம் இல்லை மாமி, அது டிஷ்!

மொட்டை மாடியில் டிஷ் வைத்து நானே சிக்னல் பிடிப்பது என் பொழுதுபோக்கு. திருவான்மியூர் உப்புக்காற்றில், கேபிள் முனையில் மாட்டும் எஃப் கனெக்டர் ஆறே மாதத்தில் பச்சை பூத்துவிடும். சரி, அதை வெட்டி எறிந்து புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் எல்என்பி மேல் காக்காய் உட்காரும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். துணிக்கொடியை என்ன செய்வது?

தூர்தர்ஷனின் இலவச டிவி சேவையான டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள், 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. சென்னையிலிருந்து தென்கிழக்கில், கிட்டத்தட்ட 68 டிகிரி உயரம். தலைக்கு மேலே முக்கால்வாசி அண்ணாந்து பார்க்கிற மாதிரிதான். 60 செ.மீ. டிஷ் இரண்டு டிகிரி நகர்ந்தாலே கதை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், மண்டை காய, நட்டை நூல் நூலாகத் திருப்பி, சிக்னலை 80க்குக் கொண்டுவந்து வைத்தேன்.

திங்கட்கிழமை பார்த்தால் திரையில் 'சிக்னல் இல்லை'. மேலே ஓடினேன். என் கம்பத்தில் நைலான் கயிறு. கயிற்றில் சொட்டச் சொட்ட இரண்டு இரட்டைக் கட்டில் பெட்ஷீட். கம்பமே மாமி வீட்டுப் பக்கம் தலைசாய்த்து நிற்கிறது.

"சும்மாதானே தம்பி நிக்குது, அதான் கட்டினேன்."

36,000 கிலோமீட்டர் தாண்டி வருகிற சிக்னல் மாமி, சும்மாவா நிற்கிறது?

கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தேன். இன்று காலை டிஷ் மேலேயே வடாம் காய்கிறது.