ரசிகரா, மெக்கானிக்கா?

நேற்றைய விவாதத்தைப் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. போர்ட்ஸ் ஆஃப் கனடா என்ற மின்னணு இசைக்குழுவின் ஒலிப்பதிவு முறையைப் பற்றி நான் பேசத் தொடங்கியதும், "கருவியைப் பற்றிப் பேசுவது மெக்கானிக் வேலை, அர்த்தத்தைப் பேசுவதே ரசனை" என்று ஒரு நண்பர் தீர்ப்பளித்தார். பலரும் அதற்குத் தலையாட்டினார்கள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: இந்த ஸ்காட்லாந்துச் சகோதரர்களின் இசையில் பதிவு செய்யும் முறையே அர்த்தம். அதை ஒதுக்கிவிட்டு மறைபொருளைத் தேடினால் எண்கள்தான் மிஞ்சும்.

எண்களுக்கா பஞ்சம்? 2002-இல் வெளிவந்த இவர்களின் 'ஜியோகாடி' ஆல்பம் 66 நிமிடம் 6 நொடி ஓடுகிறது. 666 சாத்தானின் எண்ணாயிற்றே என்று, உடனே அவனை அழைத்துவந்து நடுவீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். கடைசி ட்ராக் முழுவதும் வெறும் மௌனம் என்பதையும், அதைச் சேர்த்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வருகிறது என்பதையும் கவனித்தவர்களுக்குக்கூட, இது நம்மைப் போன்றவர்களைச் சீண்டும் விளையாட்டாக இருக்கலாம் என்று தோன்றவில்லை. 2013-இல் இந்தக் குழு ஒளித்துவைத்த ஆறிலக்கச் சங்கேத எண்களை ரசிகர்கள் துரத்தித் துரத்திச் சேர்த்தார்களே, அவையும் புதிய ஆல்பம் வரப்போகும் அறிவிப்பில்தான் போய் முடிந்தன.

"அப்படியானால் மறைபொருளே இல்லை என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதே ஆல்பத்தின் '1969' என்ற ட்ராக்கில் பிராஞ்ச் டேவிடியன் என்ற அமெரிக்க மதப்பிரிவின் பெயரும் அதன் தலைவர் டேவிட் கோரெஷின் பெயரும் வருகின்றன. 1993-இல் வேகோ நகருக்கு அருகே அவர்களின் இருப்பிடத்தை அரசுப் படை முற்றுகையிட்டு, பலர் உயிரிழந்ததை அறிந்தவருக்கு அங்கே முதுகு சில்லிடும். ஆனால் அந்த வரி தெளிவான பேச்சாகப் பதிவாகியிருந்தால் வெறும் தகவலாகப் போயிருக்கும். குரலைச் சிந்தசைசர் ஒலியோடு கலக்கும் வோகோடர் கருவியில் குழைந்து, மனிதக் குரலா சிந்தசைசரா என்று பிரித்தறிய முடியாதபடி வருவதால்தான் அது அச்சுறுத்துகிறது. மறுபடியும் பதிவு முறைதான், ஐயா.

இதை நான் ஏட்டில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. பழைய கேசட் ரெக்கார்டர் ஒன்றில் கீபோர்டின் ஒரே ஒரு நீண்ட சுரத்தைப் பதிந்து, திரும்ப ஓடவிட்டு, சுழலும் சக்கரத்தின் மேல் விரலை இலேசாக வைத்துப் பார்த்திருக்கிறேன். கேசட்டில் டேப் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. அந்த வேகம் சற்றுத் தளர்ந்தாலும் சுருதி தொய்ந்து, விரலை எடுத்ததும் தள்ளாடியபடி மேலேறுகிறது. எந்த உணர்ச்சியும் இல்லாதிருந்த அந்தச் சுரம், எப்போதோ கேட்டு மறந்துபோன ஒன்றைப் போல ஒலித்தது. பழைய ஆவணப்படங்களின் தேய்ந்த ஒலியில் மயங்கி, கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தை நினைவூட்டும் பெயரையே சூட்டிக்கொண்டவர்கள் எதைத் தேடினார்கள் என்பது எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. எந்தச் சங்கேதப் பட்டியலும் அதை எனக்குச் சொல்லித் தரவில்லை.

"இன்றைக்கு இதையெல்லாம் ஒரு ப்ளக்இன்னில், கணினி மென்பொருளிலேயே, செய்துவிடலாமே" என்பவர்களுக்கு: தாராளமாகச் செய்யுங்கள், யார் தடுத்தார்கள்?

மெக்கானிக் என்று சொன்னதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வருத்தம்தான். தீர்ப்பளித்த அதே நண்பர், தன் பாடலில் "அந்தப் பழைய டேப் சத்தம்" எப்படி வரவழைப்பது என்று என்னிடம் இரவெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டவர். அன்றைக்கு நான் ரசனையுள்ளவனாகத்தான் இருந்தேன் போலிருக்கிறது.