எடுத்துக் கொஞ்ச ஆளில்லாத குழந்தைகள்

ருமேனியாவில் 1989 டிசம்பரில் சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தபோது அரசு இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். மக்கள்தொகையைப் பெருக்குகிறேன் என்று 1966இல் கருக்கலைப்புக்குத் தடை போட்டதன் விளைச்சல். வளர்க்க வழியில்லாத பெற்றோர் கொண்டுவந்து விட்டார்கள். அரசும் வாங்கி அடுக்கிக்கொண்டது.

உள்ளே போய்ப் பார்த்தவர்களைத் திகைக்க வைத்தது, கைக்குழந்தைகள் இருந்த அறைகளில் அழுகைச் சத்தமே இல்லாதது. அழுதால் யாராவது வருவார்கள் என்று தெரிந்தால்தானே குழந்தை அழும்? கொஞ்சம் வளர்ந்தவை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தன. இதற்கு ஆயாக்களைத் திட்டிப் பயனில்லை. ஒருத்தர் பொறுப்பில் 12, 15 குழந்தைகள். ஷிஃப்ட் மாறினால் முகமும் மாறும். எவ்வளவு நல்ல மனசுக்காரராக இருந்தாலும் பால் கொடுத்துத் துணி மாற்றுவதற்குள் பொழுது போய்விடும்.

2000க்குப் பிறகு அமெரிக்க மூளை ஆய்வாளர் சார்லஸ் நெல்சன் குழுவினர் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டின் இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில், அதாவது தத்தெடுக்காமலே பிள்ளையைத் தங்கள் வீட்டில் வைத்து வளர்ப்பவர்களிடம், விட்டார்கள். (மீதிப் பேரை அங்கேயே விட்டது நியாயமா என்று எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அன்று அந்த ஊரில் அப்படியொரு ஏற்பாடே அநேகமாக இல்லை. இவர்கள்தான் பணம் போட்டு உருவாக்கினார்கள்.) இரண்டு வயதுக்குள் ஒரு வீட்டுக்குப் போன பிள்ளைகளின் மூளை மின்னலைகள், எட்டு வயதில், இல்லத்தையே பார்க்காத பிள்ளைகளுடையதைப் போல இருந்தன. தாமதமாகப் போனவர்களிடம் அந்தத் தேறுதல் இல்லை.

அப்புறம், இங்கிலாந்தில் தத்துக் கொடுக்கப்பட்ட ருமேனியப் பிள்ளைகளை குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் குழுவினர் பல ஆண்டுகள் கவனித்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் இல்லத்தில் கழித்தவர்களில் பலருக்கு, அன்பான வீட்டில் வளர்ந்தும், பெரியவர்களான பிறகும் கவனக்குறைபாடும் பழகுவதில் சிக்கலும் விடவில்லை. ஐந்தில் ஒருவர் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் வளர்ந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தச் சிக்கல்களில் ஒன்று, முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்துக்கொண்டு தயங்காமல் கூடவே கிளம்பிவிடுவது. நம் ஊர் இல்லங்களில் பிறந்தநாள் சாப்பாடு போடப் போகிறவர்கள், "பார்த்ததுமே ஒட்டிக்கொண்டது, என்ன பாசம்!" என்று போட்டோ போடும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அது பாசமாக இருக்கலாம், இந்தச் சிக்கலாகவும் இருக்கலாம்.

இரண்டு வயதுக்குட்பட்டவர்களை இல்லங்களில் சேர்ப்பதற்கு ருமேனியா 2004இல் சட்டம் போட்டுக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நம் 2015 சிறார் நீதிச் சட்டத்திலும் வளர்ப்புக் குடும்பத்துக்கு வழி இருக்கிறது. பணம் கொடுக்க நினைப்பவர்கள் புதுக் கட்டடத்துக்குக் கொடுக்காதீர்கள். கூடுதலாக இரண்டு ஆயாக்களின் சம்பளத்துக்குக் கொடுங்கள். வறுமையால் பிள்ளையை விட்டுவிட்டு, திரும்ப அழைத்துக்கொள்ள வழி தேடும் தாய்க்குக் கொடுத்தால் இன்னும் நல்லது.