பெயிண்ட் டப்பாவைக் கடைசியாத் திறங்க

ஏரியால சுவர் ஓவியம் வரையப் போறோம்னு முடிவானதுமே முதல்ல குறிக்கறது திறப்பு விழாத் தேதியை. அதுல இருந்து பின்னாடி எண்ணிட்டு வந்து, சாரம் கட்ட ரெண்டு நாள், வெள்ளையடிக்க ஒரு நாள், வரைய ஒரு வாரம்னு பிரிக்கறாங்க. சுவரைச் சோதிக்க நாளே கிடையாது. அங்க குடியிருக்கற சனங்களைக் கேட்க ஒரே ஒரு சாயங்காலம். இது தப்புங்க. ஒரு மழைக்காலம் தாண்டறதுக்குள்ள அப்பளமா உரிஞ்சு தொங்கற ஓவியத்துக்கெல்லாம் ஓவியரைக் குத்தம் சொல்றோம். குத்தம் இந்த நாள் கணக்குல இருக்கு.

2020ல சென்னை கண்ணகி நகர், அதுக்கப்புறம் நம்ம கோவை உக்கடம்னு குடியிருப்புச் சுவர்கள்ல ஆளுயரத்தைத் தாண்டி, கட்டட உயரத்துக்கே முகங்கள் வந்துச்சு. அதைப் பார்த்து ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சின்னு எங்க போனாலும் எங்க தெருவுக்கும் வேணும்னு கேட்கறாங்க. கேட்கட்டும், நல்லதுதான். ஆனா போட்டோவுல படம் தெரியும், படத்துக்கு அடியில இருக்கற பூச்சு தெரியாது.

அடுக்குமாடிக் குடியிருப்போட பக்கவாட்டுச் சுவரை எடுத்துக்கங்க. குளியலறைக் குழாய் இறங்கற இடத்துல, ஆள் உயரத்துக்குக் கீழ, வெள்ளையா மாவு தூவின மாதிரி பூத்திருக்கும். அது உப்பு. சுவருக்குள்ள போன தண்ணி உப்பைக் கரைச்சுக்கிட்டு வெளிய வந்து காயுது, அவ்வளவுதான். அதுக்கு மேல எத்தனை கோட் அடிச்சாலும் உப்பு பின்னாடி இருந்து தள்ளித் தள்ளி பெயிண்டைக் கழட்டிரும். தண்ணி ஊத்திக் கழுவினா உப்பு திரும்ப உள்ள போயிரும். அதனால காஞ்ச பிரஷ்ல தேய்ச்சு எடுக்கணும். அதுக்கும் முன்னாடி பிளம்பரைக் கூப்பிட்டு மூணாவது மாடி ஒழுக்கை அடைக்கணும். ஓவியத்துக்கு ஒதுக்கின பணத்துல முதல் செலவு பிளம்பர் கூலியா இருக்கட்டும்ங்கறது என் கட்சி.

ஈரம் இருக்கான்னு பார்க்க மெஷின் எதுவும் வேண்டாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்க. அடுத்த நாள் தாளுக்கு உள்பக்கம் வேர்த்திருந்தா அந்தச் சுவர் இன்னும் தயாராகலை. புதுசாப் பூசின சுவர்னா 28 நாள் காத்திருங்க. பழைய சுண்ணாம்பு அடிச்ச சுவர்னா பிளேடுல குறுக்கும் நெடுக்கும் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்குன்னு இழுங்க. டேப்போட சுண்ணாம்பு வந்தா முழுசாச் சுரண்டாம வேலையைத் தொடவே கூடாது. பாசி பிடிச்ச இடத்துக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல், அப்புறம் நல்லாக் கழுவிக் காய விடணும். உள்சுவரைச் சமப்படுத்தப் பூசற பட்டியை (புட்டி) மலிவா இருக்குன்னு வெளிச்சுவருல தேய்க்காதீங்க. மழைத்தண்ணி பட்டதும் மாவாயிரும்.

அகலம் இருபது அடி, உயரம் நாப்பது அடி, ஆக 800 சதுர அடிச் சுவருன்னு வைங்க. பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கற வெளிச்சுவர் பிரைமர் ஒரு கோட்டுக்குப் பத்து லிட்டர் கிட்ட ஆகும். அடித்தளத்துக்கு வெளிச்சுவர் அக்ரிலிக் எமல்ஷன் ரெண்டு கோட், லிட்டருக்கு அம்பது சதுர அடின்னா பதினாறு லிட்டர். சொரசொரப்பான சுவர் அதிகம் குடிக்கும், அதனால இருபது லிட்டர் வாளியே வாங்கிருங்க. படத்துக்கான வண்ணங்கள் தனி. டப்பாவுல போட்டிருக்கற அளவுக்கு மேல தண்ணி கலந்தா ஆறு மாசத்துல கையில தேய்ச்சாலே பொடி ஒட்டும். பளீர் சிவப்பும் பளீர் மஞ்சளும் மேற்கு வெயில்ல சீக்கிரம் வெளுக்கும். காவிச் சிவப்பு, மண் மஞ்சள் மாதிரி ஆக்சைடு நிறங்கள் நிக்கும். மேற்குச் சுவருக்கு வண்ணம் தேர்வு செய்யறப்பவே இதை ஓவியர்கிட்டச் சொல்லிரணும்.

காலமும் முக்கியம். ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து சாரத்தையே ஆட்டும், ஈரப் பெயிண்ட்ல மண்ணையும் அப்பும். ஐப்பசி கார்த்திகை மழை. தையில இருந்து பங்குனி வரைக்கும்தான் நமக்குத் தோது. அதுலயும் மேற்குச் சுவருல காலையில வேலை, கிழக்குச் சுவருல மதியத்துக்கு மேல. நேர் வெயில் பட்ட சுவருல பெயிண்ட் ஒட்டறதுக்கு முன்னாடியே காஞ்சு, பிரஷ் ஓட்டமெல்லாம் பட்டை பட்டையாத் தெரியும். சாரத்துல ஏறறவங்களுக்கு பெல்ட் கட்டாயம். பெல்ட்டோட கயிறை மொட்டைமாடித் தூண்ல கட்டுங்க, சாரத்துல கட்டாதீங்க. சாரம் சாஞ்சா ஆளும் சேர்ந்து விழுவான். பசங்க வரையறதுன்னா தரையில இருந்து நாலடி வரைக்கும்தான்.

இன்னொன்னு. இந்த மாதிரி குடியிருப்புகள்ல பெயிண்டர் வேலைக்குப் போறவங்க எப்படியும் நாலு பேராவது இருப்பாங்க. சுரண்டறதுக்கும் பட்டி பார்க்கறதுக்கும் அவங்களை வழக்கமான நாள் கூலிக்கு வைங்க. "உங்க ஏரியாதானே, சும்மா செஞ்சு குடுங்க"ன்னு கேட்கறது அநியாயம். ஓவியருக்கு ரூம், சாப்பாடு, சம்பளம்னு எல்லாம் குடுத்துட்டு, அங்கயே இருக்கற தொழிலாளிகிட்ட மட்டும் தொண்டு கேட்கறதை என்னால ஏத்துக்கவே முடியறதில்லைங்க.

சனங்களைக் கேட்கறதுன்னா மேடை போட்டு மைக்கைக் குடுக்கறது இல்லை. அங்க நாலு பெரிய மனுசங்க பேசுவாங்க, மத்தவங்க தலையாட்டிட்டுப் போயிருவாங்க. மாதிரிப் படத்தை இருபதுல ஒரு பங்கா, ஓரடி அகலம் ரெண்டடி உயரத்துல சார்ட்ல வரைஞ்சு, தண்ணிக் குழாய்கிட்ட ஒரு வாரம் ஒட்டி வைங்க. பக்கத்துலயே நூல்ல ஒரு பென்சிலைக் கட்டி விடுங்க. "ஏனுங் கண்ணு, இந்த மூஞ்சி எம்பட ஜன்னலுக்கு நேரா வருதே, துணி எங்க காயப்போடறது?"ன்னு கேட்கற ஆத்தாவோட கேள்வி எந்த மீட்டிங்லயும் வராது. முகம் யாரோடதுங்கறதுலயும் எந்த நிறம் எங்க வருதுங்கறதுலயும் சாதியும் கட்சியும் வந்து நிக்கும். அதைச் சார்ட்லயே பேசித் தீர்த்துட்டா சாரத்து மேல வந்து சண்டை நடக்காது.

அங்க குடியிருக்கற பொண்ணுகளுக்குக் கைவேலைப் பட்டறை வைக்கறதும் ஓவியத்துக்கு முன்னாடிதான் வரணும். திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட் நமக்குக் கிலோக் கணக்குல கிடைக்கும். அதை வச்சே நெசவு சொல்லிக் குடுக்கலாம். ரெண்டடிக்கு ஒன்றரை அடி மரச்சட்டம், மேலயும் கீழயும் அரை இஞ்ச்சுக்கு ஒரு ஆணி, பாவுக்கு, அதாவது மேலயும் கீழயும் கட்டற நெடுக்கு இழைக்கு, முறுக்கு ஏறின பருத்தி நூல். துணியைக் குறுக்குவாக்குல ஒரு இஞ்ச் நாடாவா வெட்டி இழுத்தா ஓரம் தானாச் சுருண்டு கயிறு மாதிரி ஆயிரும், அதுதான் ஊடை, குறுக்கே கோக்கற இழை. ஒரு மேல், ஒரு கீழ்னு கோத்து, சீப்புல அழுத்திக்கிட்டே போகணும். ஒரு மிதியடிக்கு அரைக் கிலோ வேஸ்ட் தாராளம். முதல் தடவை பின்றவங்க எல்லாருக்கும் நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கும். ஊடையை விறைப்பா இழுக்கறதால வர்ற கோளாறு அது. நாடாவைச் சரிவா, கொஞ்சம் வளைச்சுத் தளர்வா விட்டு அழுத்தினா சரியாயிரும். பவானி ஜமக்காளத்துலயும் பாவை மூடி நிக்கறது தடிமனான ஊடைதான்னு காட்டிட்டா, சுவருல என்ன பட்டை, என்ன நிறம் வேணும்னு அந்தப் பொண்ணுகளே சொல்ல ஆரம்பிப்பாங்க. தண்ணி விடற நாள்ல மட்டும் பட்டறை வைக்காதீங்க, ஒருத்தரும் வர மாட்டாங்க. மதியம் மூணுல இருந்து அஞ்சு நல்ல நேரம்.

முருகன் வள்ளி கதையைப் பாடி ஆடற நம்மூர் வள்ளி கும்மியைப் பாருங்க. 2024ல பத்மஸ்ரீ வாங்கின பத்ரப்பன் ஐயா பெண்களையும் ஆட்டத்துக்குள்ள கூட்டிட்டு வந்தவர். கும்மி பழகறவங்க மாசக்கணக்குல கோயில் திடல்ல சாயங்காலம் சாயங்காலம் அடி வச்சுப் பழகுவாங்க, அரங்கேற்றம் அதுக்கப்புறம்தான். அடி சரியா வர்றதுக்கு முன்னாடி யாரும் தேதி குறிக்கறதில்லை. சுவருக்கு மட்டும் ஏன் தலைகீழாப் பண்றோம்?

கடைசியா, பணத்துல பத்துல ஒரு பங்கை எடுத்து வச்சிருங்க. ஓவியத்துல இருக்கற ஒவ்வொரு நிறத்துலயும் 200 மில்லி டப்பா ஒண்ணு, சீல் உடைக்காம வாங்குங்க. திறந்த டப்பா நம்ம வெயிலுக்குக் கெட்டு நாறிரும். மூடி மேல ஷேடு நம்பரையும் தேதியையும் மார்க்கர்ல எழுதி, கீழ் வீட்டு அக்கா யாராவது ஒருத்தர்கிட்டக் குடுங்க. பந்து பட்டுப் பெயர்ந்த இடத்தை அடுத்த தையில அந்தத் தெருப் பசங்களே தொட்டு வச்சுக்குவாங்க.