கார்டு வாங்குமுன் ரேமைப் பாருங்கள்

கம்ப்யூட்டரில் கேம் திக்கினால் புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கச் சொல்கிறது ஒரு கட்டுரை. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு அது பெரிய செலவு. எது இழுக்கிறது என்று முதலில் பார்க்கட்டும்.

எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) வரம்பை எடுத்துவிட்டு, கேமை ஓடவிட்டபடி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால், சரி, கார்டுதான் காரணம். 60இல் கிடந்தால் ரெசொலூஷனை 1080இலிருந்து 720க்கு இறக்குங்கள். அப்போதும் எஃப்பிஎஸ் ஏறவில்லையென்றால் பிராசசர் அல்லது ரேம். மொத்த சிபியு (பிராசசர்) சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். பிராசசருக்குள் இருக்கும் பல கோர்களில் ஒரே ஒரு கோர் முட்டிக்கொண்டாலும் கேம் தடுமாறும்.

என் அண்ணன் மகனுடையது கிராஃபிக்ஸும் உள்ளேயே இருக்கும் ரைசன் 5 5600ஜி பிராசசர், தனி கார்டு இல்லை. கடையில் 8 ஜிபி ரேமை ஒரே குச்சியாகப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இந்தச் சிப்புக்குச் சொந்த வீடியோ மெமரி கிடையாது, எல்லாம் ரேமிலிருந்துதான். டிடிஆர்4-3200 ரக ரேம் ஒரு குச்சி என்றால் நொடிக்கு 25.6 ஜிபி தரவு போகும், இரண்டு என்றால் 51.2. அதே ரகத்தில் இன்னொன்றைச் செருகி, பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புப் பக்கம்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியையும் போட்டோம். கேம் சீராக ஓடுகிறது.

அப்புறம், மத்தியான வெயிலில் மட்டும் திக்குகிறதா? தகரக்கூரை வீடுகளில் சிப்பின் சூட்டை இறக்கும் ஹீட்சிங்கில் அடைந்த தூசியைத்தான் முதலில் தட்ட வேண்டும்.