துப்பாக்கி கொடுக்காத முதல் அரை மணி நேரம்

"மாமா, துப்பாக்கி எப்போ கொடுப்பாங்க?"

பள்ளி விடுமுறைக்குச் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பிளாட்டுக்கு வந்திருக்கும் அக்கா மகன் நேற்று ராத்திரி கேட்ட கேள்வி இது. அவனுக்கு வயது பதினான்கு. பழைய கேம்களைத் தொகுத்து 2023-இல் வந்த மாஸ்டர் கலெக்‌ஷனில் இருக்கும் மெட்டல் கியர் சாலிட் வீடியோ கேமின் முதல் பாகத்தைப் போட்டுக் கொடுத்து, கன்ட்ரோலரை அவன் கையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அலாஸ்கா பக்கம் ஒரு தீவு. அங்கே அணு ஆயுதங்களைக் கழிக்கும் நிலையத்தைத் தீவிரவாதிகள் பிடித்து வைத்திருக்கிறார்கள். நம்மாள் ஸ்னேக் தண்ணீருக்கடியில் நீந்திப் போய்த் தன்னந்தனியாகச் சரக்குத் துறையில் ஏறுகிறான். கையில் ஒரு பைனாகுலரும் சிகரெட்டும் மட்டும்.

என் வயது நண்பர்களும் இதையேதான் வேறு மாதிரி சொல்கிறார்கள். ஆரம்பம் ஒரே இழுவை, முதல் பாஸ், அதாவது முதல் பெரிய எதிரியோடு சண்டை வந்த அப்புறம்தான் கேம் சூடு பிடிக்கும் என்று. இருபத்தைந்து வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. கையில் ஒன்றுமில்லாமல் நிற்கும் அந்த முதல் அரை மணி நேரத்தில்தான் இந்த ஆட்டத்தின் உயிரே இருக்கிறது.

அந்தத் துறையையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன இடம். நாலைந்து பெட்டி அடுக்கு, ரோந்து போகும் காவலாட்கள், கடைசியில் ஒரு லிஃப்ட். அந்த லிஃப்ட் உடனே வராது. அது கீழே இறங்கும்வரை எங்காவது பதுங்கியிருக்க வேண்டும். தரையில் ஆங்காங்கே தண்ணீர் தேங்கிக் கிடக்கும். அதில் கால் வைத்து ஓடினால் 'சளக்' என்று சத்தம் வரும், காவலாள் திரும்பிவிடுவான். சுவரோடு ஒட்டி நின்று ஒரு தட்டுத் தட்டினால், என்ன சத்தம் என்று பார்க்க அவனே நம் பக்கம் வருவான், நாம் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்விடலாம். திரை மூலையில் இருக்கும் ரேடாரில் அவன் பார்வை எதுவரை போகிறது என்பது ஒரு கூம்பு வடிவத்தில் தெரியும். இவ்வளவு போதும் ஒரு ஆட்டத்துக்கு. தண்ணீரும் சுவரும் காவலாளின் காதும் கண்ணும்தான் நமக்கு ஆயுதம்.

தம்பி முதல் தடவை நேராக ஓடினான். செத்தான். இரண்டாவது தடவையும் அதே கதி. மூன்றாவது தடவை, ஒரு பெட்டிக்குப் பின்னால் நின்று காவலாள் எத்தனை அடி நடந்து திரும்புகிறான் என்று வாய்விட்டு எண்ண ஆரம்பித்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

லிஃப்டில் மேலே போனால் ஹெலிகாப்டர் தளம், கொட்டும் பனி. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது. பனியில் நடந்தால் நம் காலடித்தடம் பதியும். அதைக் காவலாள் பார்த்துவிட்டால் தடத்தின் பின்னாலேயே வருவான். 1998-இல் வந்த கேம் இது, யோசித்துப் பாருங்கள். தம்பி சுவர் மறைவில் நின்று திரும்பிப் பார்த்தபோது, அவன் போட்ட தடத்தின் மேலேயே ஒருவன் நடந்து வந்துகொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து அக்கா சமையலறையிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். இவன் "வர்றேம்மா" என்று குசுகுசுவென்று சொன்னான். திரையில் இருக்கிறவனுக்குக் கேட்டுவிடுமாம்!

துப்பாக்கியும் அங்கேயே இருக்கிறது, ஒரு லாரியின் பின்பக்கத்தில். அதைக் கண்டுபிடித்த பிறகும் அவன் சுடவில்லை. சுட்டால் சத்தம் கேட்கும் என்று அவனுக்கே தெரிந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காவலாள் கண்ணில் பட்டவுடனே முன்பு சேவ் செய்த இடத்திலிருந்து மறுபடி லோட் செய்யும் பழக்கம் இப்போது எல்லோருக்கும் வந்துவிட்டது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மாட்டிக்கொண்டால் ரேடார் செத்துவிடும். ஓடித் தப்பித்த பிறகு 99-இலிருந்து எண் இறங்கத் தொடங்கும். ஒரு மூலையில் ஒடுங்கிக்கொண்டு அது பூஜ்யம் ஆகும்வரை காத்திருக்கும் நேரம் இருக்கிறதே, அதைத் தூக்கி எறிந்துவிட்டு என்னதான் விளையாடுகிறோம்? யூடியூபில் வழி காட்டும் வாக்த்ரூ வீடியோ பார்த்துப் பார்த்து ஆடுவதும் எனக்கு அப்படித்தான் படுகிறது.

மெட்டல் கியர் தொடர் பிறந்ததே கையில் இல்லாததை வைத்துத்தான். 1987-இல் ஹிடியோ கோஜிமா எம்எஸ்எக்ஸ்2 கணினிக்காக முதல் மெட்டல் கியரைச் செய்தபோது, அவர் வேலை பார்த்த கொனாமி நிறுவனம் அவரிடம் கேட்டது ஒரு சண்டை கேம். அந்தக் கணினியால் ஒரே நேரத்தில் நிறைய எதிரிகளையும் குண்டுகளையும் திரையில் காட்ட முடியாது. சரி, சண்டை போட முடியாவிட்டால் ஒளிந்து போகட்டும் என்று ஆட்டத்தையே மாற்றினார். துப்பாக்கி இல்லாமல் ஸ்னேக் தண்ணீரிலிருந்து ஏறி வரும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

நான் இதை முதலில் ஆடியது 1999-இல், படிவம் இரண்டில் படிக்கும்போது. அப்பா சம்பளத்தில் ஒரிஜினல் டிஸ்க் என்ற பேச்சுக்கே இடமில்லை. நகல் டிஸ்க்கும் ஓடும்படி சிப் போட்ட பிளேஸ்டேஷன், பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் நகல் டிஸ்க் ஒன்று ஐந்து வெள்ளி. பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தருவார்கள். கொஞ்ச தூரம் போனதும் பேக்கர் என்ற பெரியவரைக் காப்பாற்றுவோம். மெரில் என்ற பெண்ணோடு ரேடியோவில் பேச வேண்டும், அலைவரிசை எண் 'சிடி உறையின் பின்பக்கம்' இருக்கிறது என்பார். அவர் நம் கையில் ஒரு டிஸ்க்கும் கொடுப்பார். அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்து முறைத்து முறைத்துப் பார்த்தோம், நானும் கீழ்வீட்டுப் பையனும். அவர் சொன்னது நிஜமான டிஸ்க் பெட்டியை. கடையில் விற்ற ஒரிஜினல் பெட்டியின் பின்னட்டையில் இருக்கும் ஒரு சின்னப் படத்தில் அந்த எண் அச்சாகியிருக்கும். எங்களிடம் இருந்தது வெறும் பிளாஸ்டிக் உறை. ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிக்கொண்டே போய், 140.15-இல் ஒரு பெண் குரல் பதில் சொன்னபோது இரண்டு பேரும் போட்ட கூச்சலில் அப்பா எழுந்து வந்துவிட்டார். தேர்வுக்குப் படித்த எத்தனையோ மறந்துபோச்சு, அந்த எண் மட்டும் மறக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் வார இறுதியில் போடும் பழைய பொருள் சந்தையில் அந்த ஒரிஜினல் பெட்டி கிடைத்தது. மேலே ஒரு கீறல், உள்ளே இரண்டு டிஸ்க்கும் பத்திரமாக இருந்தன. விலை பேசாமல் வாங்கிவிட்டேன்.

தம்பி இன்னும் பேக்கரிடம் போகவில்லை. இன்று ராத்திரி போய்விடுவான் என்று நினைக்கிறேன். பெட்டியை டிவிக்குப் பக்கத்தில், முன்னட்டை தெரியும்படி நிறுத்தி வைத்திருக்கிறேன். அவன் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், நாளை வரைக்கும் அவனிடம் எதுவும் சொல்லாதீர்கள்.