கை படாத காடா? பிராட்ஃபீல்ட் போய்ப் பாருங்க
இங்கிலாந்துல மிச்சமிருக்கிற சின்னச் சின்ன காடெல்லாம் மனுஷன் கை படாததாலதான் பிழைச்சுதுன்னு ஒரு கட்டுரைல போட்டிருக்கு, எனக்கு அது சரியா படல. போன ஏப்ரல் கடைசில இங்கிலாந்தோட கிழக்குல இருக்கிற சஃபோக் மாவட்டத்துல, பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊர் பக்கம் பிராட்ஃபீல்ட் வுட்ஸ்ங்கிற காட்டுக்குப் போயிருந்தேன், அங்க 1252லேர்ந்து மரத்த வெட்டிக்கிட்டேதான் இருக்காங்க, காடு இன்னும் காடாத்தான் இருக்கு. வேரோட இல்ல, அடிக்கட்டைய விட்டுட்டு வெட்டுறது, முருங்கைய வெட்டிவிட்டா குப்புன்னு தழையுமே அதே கதைதான். ஹேசல்னு ஒரு கொட்டை மரம், அதோட வெட்டின கட்டை ஒண்ண குனிஞ்சு பார்த்தேன், விரல் தடிமன்ல இருபது முப்பது குச்சி நேரா மேல வந்திருக்கு, மான் மேயாம இருக்க சுத்தி வேலி வேற. வெட்டின இடத்துல வெயில் இறங்குது, அங்கதான் பூ அள்ளிக்கிட்டு வருது, ரொம்ப நாளா வெட்டாத பக்கம் ஒரே இருட்டு. அந்தக் கட்டுரைக்குக் கருத்து போட்ட ஒருத்தர் ப்ளூபெல்ங்கிற நீலக் காட்டுப்பூ நடுவுல படுத்து போட்டோ எடுக்கலாம்னு ஐடியா குடுத்திருக்காரு, தயவுசெஞ்சு வேணாங்க, இலை நசுங்கினா கிழங்குக்கு சாப்பாடு சேராது, மறுபடி தேறி வர வருஷக்கணக்குல ஆகும். பாதையிலயே நடங்க, அப்புறம் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கோங்க, அந்த களிமண்ணுல என் கேன்வாஸ் ஷூ போனது போனதுதான்.