எம்மேப் பேட்சில் கூட்டல் குறியைக் கண்டால் நில்லுங்கள்

லினக்ஸ் கர்னலின் டிரைவர் பேட்ச்களை (சாதனங்களை இயக்கும் கோடில் செய்யும் மாற்றங்களை) ரிவ்யூ செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எம்மேப் ஃபங்ஷனை, அதாவது டிரைவரின் மெமரியை யூசர் புரோகிராமுக்கு நேரடியாகத் திறந்துவிடும் ஃபங்ஷனை, தொடும் பேட்ச் வந்தால், இருபது வரிதானே என்று மேலோட்டமாகப் பார்த்து ஓகே சொல்லிவிடாதீர்கள்.

ரீட், ரைட் அழைப்புகளில் ஒவ்வொரு முறையும் கர்னல் நடுவில் நின்று சரிபார்க்கும். எம்மேப்பில் பக்கத்தை ஒரு தடவை மேப் செய்து கொடுத்தால் அவ்வளவுதான். அதன்பின் புரோகிராம் அந்த மெமரியை நேரடியாகப் படிக்கும், எழுதும். டிரைவருக்குத் தெரியவே தெரியாது.

நான் முதலில் தேடுவது எல்லைச் சோதனையை. ஆஃப்செட்டையும் (எங்கிருந்து மேப் செய்ய வேண்டும் என்ற எண்) சைஸையும் கூட்டி, பஃபரின் (டிரைவர் வைத்திருக்கும் மெமரித் துண்டின்) நீளத்தைத் தாண்டுகிறதா என்று பார்த்திருப்பார்கள். குறை எதுவும் கண்ணில் படாது. ஆனால் இரண்டு எண்ணுமே யூசர் கொடுப்பவை. 2018-க்கு முந்தைய கர்னல்களில், 2-இன் 64-ஆம் அடுக்குக்கு 4096 குறைவான ஆஃப்செட்டைக் கொடுத்து 8192 பைட் கேட்டால், கூட்டுத்தொகை 64 பிட்டில் அடங்காமல் பூஜ்யத்துக்குச் சுற்றிக்கொண்டு வெறும் 4096 ஆகிவிடும். சோதனை பாஸ். பஃபருக்கு முந்தைய பக்கம் யூசர் கைக்குப் போய்விடும்.

இப்படி நடந்தும் இருக்கிறது. யூஎஸ்பி வழியாக இணைக்கும் திரைகளுக்கான லினக்ஸின் யூடிஎல் டிரைவரில் இதே வகைப் பிழை கர்னல் 3.4 முதல் 4.15 வரை இருந்து, பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2018-8781 என்று பதிவானது. திருத்தம் ரொம்ப எளிது: கூட்டாதே, கழி. ஆஃப்செட் நீளத்தைவிடப் பெரிதா என்று முதலில் பார். அப்புறம் மிச்ச நீளத்துக்குள் சைஸ் அடங்குகிறதா என்று பார்.

அதைவிட நல்லது, இந்தக் கணக்கை டிரைவரில் எழுதவே விடாமல் இருப்பது. சாதனத்தின் மெமரிக்கு, இந்தச் சோதனையைத் தானே செய்யும் விஎம்_ஐஓமேப்_மெமரி என்ற கர்னல் ஃபங்ஷன் 2013 முதல் இருக்கிறது. டிஎம்ஏ பஃபருக்கு (சாதனமே நேரடியாகப் படித்து எழுதும் மெமரிக்கு) டிஎம்ஏ_எம்மேப்_கோஹரண்ட் இருக்கிறது. 'எங்கள் டிரைவர் கொஞ்சம் வித்தியாசமானது' என்ற பதிலை நான் லேசில் ஏற்பதில்லை.

படிக்க மட்டுமான மேப்பிங்கிலும் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். எழுத அனுமதி கேட்டால் மறுத்தாயிற்று, சரி. பின்னால் எழுத அனுமதி பெறலாம் என்று சொல்லும் விஎம்_மேரைட் கொடியை நீக்கினார்களா? நீக்காவிட்டால், ஃபைலை எழுதும் உரிமையோடு திறந்தவர் முதலில் படிக்க மட்டும் என்று மேப் செய்துவிட்டு, அடுத்த வரியிலேயே எம்புரொடெக்ட் (மேப்பிங்கின் அனுமதியை மாற்றும் அழைப்பு) போட்டு எழுதத் தொடங்கலாம்.

ஃபோர்க்கையும், அதாவது புரோகிராம் தன்னையே நகலெடுப்பதையும், மறக்காதீர்கள். அப்போது விஎம்ஏ (ஒரு மேப்பிங்கைக் குறிக்கும் கர்னல் பதிவு) நகலாகும். நகலாகும்போது டிரைவரின் ஓப்பன் கால்பேக்கைக் கர்னல் அழைக்கும்; மெமரியை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கையை அங்கே ஏற்றுவார்கள். முதல் எம்மேப்பில் அந்த அழைப்பு வராது. அந்த முதல் எண்ணிக்கையைக் கையால் ஏற்றாவிட்டால், மேப் ஆகியிருக்கும் பக்கமே விடுவிக்கப்பட்டுவிடும்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் பேட்ச்சோடு ஒரு சின்ன சோதனை புரோகிராமும் கேட்பேன். மேலே சொன்ன அதே ஆஃப்செட், அதே 8192. எரர் திரும்பி வந்தால்தான் என் ஒப்புதல்.